பழைய காரில் எலக்ட்ரானிக் த்ராட்டில் சிக்கிக்கொண்டால்: கழுவுவதா, ரிப்பேர் பண்ணுவதா, மாற்றுவதா?

பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய பெட்ரோல் கார். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை, ஆர்.பி.எம். 1500 பக்கத்திலேயே நிற்கிறது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. நாலு பேரிடம் காட்டினால் நாலு பதில் வரும். "த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவினா சரியாகிடும்" என்பார் ஒருவர். "அசெம்ப்ளியே போச்சு, புதுசு போடணும்" என்பார் இன்னொருவர். "புதுப்பேட்டையில பழசு ஒண்ணு பிடிச்சிட்டு வாங்க, மாட்டித் தர்றேன்" என்பார் மூன்றாமவர். இதில் எதுவுமே பொய் இல்லை, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காருக்குச் சரியாக இருந்த பதில்தான். உங்கள் காருக்கு எது என்பதுதான் கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜின் கம்ப்யூட்டர் எவ்வளவு திறக்கச் சொன்னது, த்ராட்டில் பாடிக்குள் இன்ஜினுக்குப் போகும் காற்று வழியைத் திறந்து மூடும் தகடு உண்மையில் எவ்வளவு திறந்தது, இந்த இரண்டு எண்களையும் ஸ்கேனரில் அருகருகே வைத்துப் பார்க்கும்வரை கழுவவும் வேண்டாம், எதையும் வாங்கவும் வேண்டாம். சில நூறு ரூபாய் வேலையா, பத்தாயிரத்துக்கு மேல் போகும் வேலையா என்பதை அந்த இரண்டு எண்கள்தான் பிரித்துக் காட்டும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பழைய கேபிள் த்ராட்டிலில் உங்கள் கால்தான் தகட்டைத் திறக்கும், ஐடிலுக்குத் தனியாக ஒரு காற்று வால்வு இருக்கும். எலக்ட்ரானிக்கில் அந்தக் கேபிளே கிடையாது. 1980களின் கடைசியில் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸின் 12 சிலிண்டர் காரில் வந்த இந்த ஏற்பாடு, 2008-இல் இங்கே வந்த ஹோண்டா சிட்டி, 2010-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ மாதிரியான கார்களோடு நம் தெருவுக்கே வந்துவிட்டது. பெடலில் இரண்டு சென்சார். அவை சொல்வதைக் கேட்டு ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், கணக்குப் போடுகிறது. த்ராட்டில் பாடியின் பக்கவாட்டு மூடிக்குள் ஒரு சின்ன டிசி மோட்டாரும் பிளாஸ்டிக் பல் சக்கரங்களும் இருக்கின்றன, அவைதான் தகட்டைத் திருப்புகின்றன. தகடு எந்த இடத்தில் நிற்கிறது என்று திருப்பிச் சொல்ல அங்கேயும் இரண்டு சென்சார். பெடலிலும் சரி, தகட்டிலும் சரி, இரண்டிரண்டாக வைத்திருப்பதற்குக் காரணம், ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதே. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் ஈசியூ மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும்.

நிறுத்தினால் தகடு முழுசாக மூடிவிடாது, இது பலருக்குத் தெரிவதில்லை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அமைப்பு, மின்சாரம் இல்லாதபோது தகட்டைக் கொஞ்சமாகத் திறந்த நிலையிலேயே நிறுத்தும். அந்த இடுக்கு வழியாக வரும் காற்றில் இன்ஜின் ஓடும், ஐடில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், வண்டியை ஓரமாக ஓட்டிப் போகலாம். இதைத்தான் லிம்ப் மோடு என்கிறோம். அதாவது "த்ராட்டில் சிக்கிடுச்சு" என்று நாம் நினைக்கும் பல நேரங்களில் அது சிக்கவே இல்லை. ஈசியூ நம்பிக்கை இழந்து கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த நிலையில் தகட்டை எவ்வளவு பளபளவென்று துடைத்தாலும் ஒன்றும் மாறாது.

எனவே ஒரே அறிகுறிக்குப் பின்னால் மூன்று நோய்கள் இருக்கலாம். தகடு கரிப்பிசினில் உண்மையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். மோட்டார், பல் சக்கரம், தகட்டு சென்சார் ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கலாம். அல்லது த்ராட்டில் பாடி நன்றாகவே இருந்து, அதற்குக் கட்டளை வராமல் இருக்கலாம்: பெடல் சென்சார், வயர், எர்த், ஃப்யூஸ், பிரேக் சுவிட்ச், பேட்டரி.

எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

காதும் கையும் போதும் என்று சொல்லும் மெக்கானிக்குகளை நான் மதிக்கிறேன், கேபிள் கார்களில் அது போதுமானதாகத்தான் இருந்தது. இதிலும் ஓரளவு உதவும். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க, நீங்கள் த்ராட்டில் பாடி அருகே காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய ரீங்காரமும், மிதிக்க மிதிக்க ஒரு உராய்வுச் சத்தமும் பல கார்களில் கேட்கும். ஏர் ஃபில்டரில் இருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டால் தகடு திரும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் சாவி ஆனில் இருக்கும்போது விரலை உள்ளே விடாதீர்கள். மோட்டார் தகட்டை மூடும் வேகத்துக்கும் பலத்துக்கும் விரல் தாங்காது. சத்தமே இல்லை, அசைவே இல்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை அல்லது மோட்டார் செத்துவிட்டது. காது இவ்வளவு சொல்லும், இரண்டில் எது என்று சொல்லாது.

"எதற்கும் ஒருமுறை கழுவிப் பார்ப்போம்" என்பது இரண்டாவது முறை. மலிவு, வேகம், அதனால் பரவலாக நடக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கழுவுவது கெடுதல் என்பதால் அப்படிச் சொல்லவில்லை, கழுவியதும் தடயம் போய்விடுகிறது என்பதால் சொல்கிறேன். கனெக்டரைக் கழற்றி மாட்டியதிலேயே பின் சற்று நன்றாகப் பிடித்து வண்டி ஓட ஆரம்பித்துவிடும், "கழுவினேன், சரியாயிற்று" என்று எல்லோரும் நம்பிவிடுவோம். அப்புறம் பைபாஸில் லாரிக்கு நடுவே மறுபடி லிம்ப் மோடு வரும்.

மூன்றாவது ஸ்கேனர். ஆயிரம் ரூபாய் சுமாரில் கிடைக்கும் ப்ளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் இருந்தால் ஆரம்பிக்கலாம். ஒரு எச்சரிக்கை உண்டு. ஸ்கேனர் மாட்டிக் கோளாறைப் படிப்பதற்கான பொதுவான ஏற்பாடான ஓபிடி-2, இந்தியாவில் கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய காரில் சாக்கெட் இருந்தாலும் இந்த மலிவு அடாப்டருக்கு எல்லா எண்களும் வராமல் போகலாம். அப்போது அந்தக் கம்பெனிக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போவது நல்லது. அவருக்குக் கொடுக்கும் ஸ்கேனிங் காசு இந்த வேலையிலேயே மிகவும் பயனுள்ள காசு.

முதலில் ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீடுகளை, அதாவது கோடுகளை (code), குறித்துக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள். பி2111 என்றால் தகடு திறந்த நிலையில் நிற்கிறது, பி2112 என்றால் மூடிய நிலையில். பி2119 சொன்ன இடத்துக்குத் தகடு சரியாக வரவில்லை என்கிறது. பி2101 மோட்டார் சர்க்யூட் பற்றியது. பி2135 தகட்டின் இரண்டு சென்சார்களும் ஒத்துவரவில்லை என்பது, பி2138 அதே புகாரைப் பெடல் பக்கத்தில் சொல்வது. கடைசி இரண்டையும் குழப்பிக்கொண்டு த்ராட்டில் பாடியை மாற்றுகிறவர்கள் உண்டு. பி2138 வந்த காரில் புது த்ராட்டில் போட்டால் பணம் போகும், கோடு போகாது.

கோடு திசையை மட்டும்தான் காட்டும். முடிவு லைவ் டேட்டாவில், அதாவது ஸ்கேனர் திரையில் அந்தந்த நொடியே மாறிக்கொண்டிருக்கும் எண்களில் இருக்கிறது. சாவி ஆன், இன்ஜின் ஆஃப். திரையில் நாலு எண்கள்: பெடல் சென்சார், ஈசியூ கட்டளையிட்ட திறப்பு, தகட்டின் உண்மையான திறப்பு, பேட்டரி வோல்ட். பெடலைப் பத்து விநாடி எடுத்து மெதுவாக, மிக மெதுவாக மிதியுங்கள், அதே போல விடுங்கள். நல்ல காரில் கட்டளையும் திறப்பும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். சில கார்களில் இன்ஜின் ஓடாதபோது தகடு முழுசாகத் திறக்காது, 100 வரவில்லை என்று பதற வேண்டாம். காலை எடுத்தாலும் 0 வராமல் 10-க்கும் 20-க்கும் நடுவில் ஒரு எண் காட்டும் கார்களே அதிகம், அதுவும் கோளாறு இல்லை.

கோளாறு தெரியும் விதமே வேறு. கட்டளை ஏறிக்கொண்டே போக, திறப்பு அசையாமல் நின்று திடீரென்று ஒரு எட்டில் தாவி வந்து சேர்கிறதா? தகடு ஒட்டியிருக்கிறது, கழுவலாம். தகடு ஒரே இடத்தில் நிற்கும்போதும் திறப்பு எண் மட்டும் துள்ளுகிறதா, அல்லது முதல் சென்சார் ஒன்று சொல்ல இரண்டாவது வேறு சொல்கிறதா? கழுவிப் பயனில்லை, சென்சார் அல்லது அதன் வயர். நீங்கள் மிதித்தும் கட்டளையே ஏறவில்லையா? பெடல் எண்ணைப் பாருங்கள், அதுவும் ஏறவில்லை என்றால் சந்தேகம் பெடல் பக்கம். பெடல் நன்றாக ஏறுகிறது, கட்டளை மட்டும் உறைந்து நிற்கிறது என்றால் ஈசியூ ஏற்கெனவே லிம்ப் மோடில் இருக்கிறது. கோடுகளை எழுதி வைத்துக்கொண்டு, அழித்து, மறுபடி பாருங்கள். கட்டளை ஏறுகிறது, தகடு அந்தச் சிறு இடுக்கிலேயே சிலையாக நிற்கிறது என்றால் மோட்டார், அல்லது அதற்கான ரிலே, ஃப்யூஸ். பல ஹோண்டாக்களில் இதற்கென்றே தனி ஃப்யூஸும் ரிலேவும் இருக்கின்றன, பானெட்டுக்குள் இருக்கும் பெட்டியைத் திறந்து அதைப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

மல்ட்டிமீட்டர் இதற்கு அடுத்த படி. ஸ்கேனர் கைகாட்டிய இடத்தை உறுதி செய்ய மட்டும் போதும். கனெக்டரில் பெரும்பாலும் ஆறு பின்: மோட்டாருக்கு இரண்டு, 5 வோல்ட் ஒன்று, எர்த் ஒன்று, சென்சார்களுக்கு இரண்டு. 5 வோல்ட் சரியாக வருகிறதா, எர்த் பிடிக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் வகையில் தகட்டு சென்சார்களில் ஒன்று ஏற மற்றது இறங்கும், இரண்டையும் கூட்டினால் 5 வோல்ட் சுமாரில் நிற்கும். வேறு கம்பெனிகளில் இரண்டும் வெவ்வேறு அளவில் ஏறும். எது எப்படியோ, ஏற்றம் சீராக இருக்க வேண்டும், நடுவில் பள்ளம் விழக்கூடாது. கனெக்டரைக் கழற்றி மோட்டாரின் இரண்டு பின்னுக்கு நடுவே அளந்தால் சில ஓம்கள் காட்ட வேண்டும், ஓப்பன் என்று வந்தால் மோட்டார் போயிற்று.

கழுவுவது என்று முடிவானால்

சிட்டி போக்குவரத்தில் ஓடும் காரில் கரி சேர்வதற்குக் காரணம், இன்ஜினுக்குள்ளிருந்து பிசிவி குழாய் வழியாகத் திரும்பி வரும் எண்ணெய்ப் புகை. அது தகட்டின் பின்பக்க விளிம்பிலும், தகடு மூடும் இடத்தில் இருக்கும் சுவரிலும் படிந்து தார் மாதிரி இறுகும். குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் முன்பக்கம் பெரும்பாலும் சுத்தமாகத்தான் தெரியும். விளிம்பை ஒட்டிக் கருப்பு வளையம் ஒன்று ஓடும், அதில் நகத்தை வைத்தால் மெழுகு போலச் சுரண்டி வரும். ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும், எண்ணெய் தடவிய காட்டன் ஏர் ஃபில்டரை ஊறவிட்டு மாட்டியிருந்தாலும் இது சீக்கிரம் வரும்.

வண்டியிலேயே வைத்துத் துடைப்பதா, கழற்றித் துடைப்பதா? லேசான கருப்பும் ஐடில் தடுமாற்றமும் மட்டும் என்றால் வண்டியிலேயே செய்யலாம்: த்ராட்டில் பாடி க்ளீனரைத் துணியில் அடித்து, துணியால் துடைப்பது. ஆனால் கரி முக்கால்வாசி இருப்பது பின்பக்கம், அங்கே துணி எட்டாது, கரைந்த கருப்பு உள்ளே இறங்கும். தகடு உண்மையிலேயே ஒட்டுகிற கார் என்றால் கழற்றுவதே சரி. நாலு போல்ட், ஒரு கேஸ்கெட், சில கார்களில் கூலன்ட் ஹோஸ் இரண்டு. ஹோஸ் இருக்கிற காரில் இன்ஜின் நன்றாக ஆறியபின்தான் கையை வைக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டையே திருப்பி மாட்டினால் காற்று கசிந்து ஐடில் கூடும், அப்புறம் அதைத் தேடி ஒரு வாரம் போகும். புது கேஸ்கெட் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

கழற்றிய கையோடு, துடைப்பதற்கு முன்பு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஓய்வு நிலையில் தகட்டின் ஓரத்தில் மெல்லிய பிறையாக வெளிச்சம் தெரிய வேண்டும், முன்னே சொன்ன அந்த லிம்ப் மோடு இடுக்கு அதுதான். இருட்டாக, முழுசாக மூடியிருந்தால் கரி பிடித்திருக்கிறது அல்லது ஸ்பிரிங் வேலை செய்யவில்லை. கம்பெனி மேனுவல்கள் சில, தகட்டைக் கையால் தள்ளவே கூடாது என்கின்றன, காரணம் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல். கனெக்டர் கழன்ற நிலையில் ஒற்றை விரலால், பலம் கொடுக்காமல் லேசாக அசைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் "டக்" என்று விட்டுக்கொடுத்து அப்புறம் வழுவழுப்பாகப் போனால் கரி. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கரகரவென்று தட்டினால் பல் சக்கரம் தேய்ந்திருக்கிறது, க்ளீனர் டப்பாவைக் கீழே வைத்துவிடலாம்.

எதைக் கொண்டு கழுவுவது என்பதிலும் தேர்வு இருக்கிறது. பெட்ரோல், தின்னர், கார்பரேட்டர் க்ளீனர் எல்லாம் நம் ஊரில் ஓடுகின்றன. த்ராட்டில் பாடிக்கென்றே விற்கும் க்ளீனரைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். சில த்ராட்டில் பாடிகளில் தகடு மூடும் இடத்தில் காற்று கசியாமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும், கடுமையான கரைப்பான் அதை எடுத்துவிடும். ஸ்பிரேயைத் தண்டின் இரண்டு முனைகளை நோக்கி அடித்தால் கரைந்த கரி மோட்டார், சென்சார் பக்கம் நுழையும். தட்டில் பெட்ரோல் ஊற்றி அசெம்ப்ளியையே முக்கி எடுத்து, கம்ப்ரஸர் காற்றை அடிக்கும் பழக்கம் கேபிள் காலத்தோடு போயிருக்க வேண்டும். அப்படிக் குளித்து வந்த யூனிட், வந்த நோயோடு புதிதாகச் சென்சார் நோயும் சேர்த்துக்கொண்டு திரும்பும்.

கழுவியதும் ஐடில் ஏறிவிட்டது, 1200-இல் நிற்கிறது, ஐடில் கூடுதல் என்று சொல்லும் பி0507 வந்துவிட்டது, "கழுவிக் கெடுத்துட்டாங்க" என்ற புலம்பலை அடிக்கடி கேட்கலாம். யாரும் கெடுக்கவில்லை. கரி சேரச் சேர இடுக்கு குறைவதால், ஐடில் காற்றுக்காகத் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறக்க ஈசியூ வருஷக்கணக்கில் பழகியிருக்கிறது. கரி போனபின்பும் அதே பழைய திறப்பைக் கொடுத்தால் காற்று அதிகமாகத்தான் வரும். இதன் மறுபக்கமும் உண்டு: பேட்டரி மாற்றிய மறுநாளே சிக்னலில் வண்டி நின்று நின்று போகிறது என்றால், பழகியது அழிந்துவிட்டது, கரி அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து, சுத்தம் செய்து ஐடிலைப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது, இதைத்தான் அடாப்டேஷன் என்பார்கள். ஹோண்டாவில் ஸ்கேனரால் ரீசெட் செய்து, ஏசி, விளக்கு எல்லாம் அணைத்து, நியூட்ரலில் 3000 ஆர்.பி.எம்.மில் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை பிடித்து, பிறகு காலை எடுத்து ஐந்து நிமிஷம் ஐடிலில் விடுவார்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் அந்தக் காலக் கார்களில் சாவி ஆனில் வைத்து ஸ்கேனரில் பேசிக் செட்டிங் 060 ஓட்டினால், தகடு தானாக மூடித் திறந்து தன் எல்லைகளைப் பதிந்துகொள்ளும். பேட்டரி பலவீனமாக இருந்தால் இது பாதியில் நின்றுவிடும். கழுவ ஒப்புக்கொள்ளும் ஆளிடம் "அடாப்டேஷன் போட்டுத் தருவீங்களா" என்று முன்னாடியே கேளுங்கள். முடியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

த்ராட்டில் பாடிக்கு வெளியே இருக்கும் கோளாறு

மூன்று நோய்களில் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான், ஏனென்றால் மலிவாகத் தீரக்கூடியது இது, கவனிக்கப்படாமல் போவதும் இது. எங்கள் தெருவில் 2011 போலோ ஒன்றில், எலக்ட்ரானிக் த்ராட்டில் பக்கம் கோளாறு என்று சொல்லும் ஈபிசி விளக்கு எரிந்தது, பிக்கப் போனது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் த்ராட்டில் பாடி முழுசும் மாற்றணும் என்று எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் ஒருவர் கோடை எடுத்தபோது வந்தது பி0571, பிரேக் சுவிட்ச். அதற்கு முந்தைய வாரமே பின்னால் வந்தவர் யாரோ "பிரேக் லைட் எரியலை" என்று சொல்லியிருக்கிறார், இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து அழுந்துகிறதா என்று பார்க்க ஈசியூ பிரேக் சுவிட்சை நம்பியிருக்கிறது. அது உளறினால் பாதுகாப்புக்காகப் பவரைக் குறைக்கும். சுவிட்ச் மாற்றியதும் விளக்கு அணைந்தது. ஈபிசி எரியும் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா எதுவானாலும் முதலில் ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து பிரேக் லைட்டைப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். இன்ஜின் அறைக்குள் பிரஷர் பம்ப் அடித்து வாட்டர் சர்வீஸ் செய்த மறுநாள் வரும் த்ராட்டில் கோடுக்கு, முதல் சந்தேகம் கனெக்டர்தான். கடலோர ஊர்களில் பின்கள் பச்சை பூத்துப்போகும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற கார்கள் பல கை மாறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, செகண்ட்ஸில் வாங்கிய காரில் இப்படிப் பட்டும் படாமலும் வரும் கோளாறு இருந்தால் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் வயரிங்கையும் பாருங்கள். எலி கடித்த வயர் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. லைவ் டேட்டாவைத் திரையில் ஓடவிட்டு வயர் கட்டை இஞ்ச் இஞ்சாக ஆட்டிப் பாருங்கள், எந்த இடத்தில் எண் துள்ளுகிறதோ அங்கே பிரியுங்கள். பேட்டரி டெர்மினலும் இன்ஜின் எர்த்தும் இதே பரிசோதனையில் சேர்த்தி.

தேய்ந்துபோன யூனிட்: ரிப்பேர், பழசு, புதுசு

உள்ளேயே தேய்மானம் என்று நிச்சயமானால் கழுவுவது நேர விரயம். இதற்கு வெளிநாட்டில் இரண்டு பெரிய சாட்சிகள் உண்டு. 1999 முதல் 2001 வரையிலான வால்வோ கார்களில் இருந்த மாக்னெட்டி மரெல்லி த்ராட்டில் யூனிட்டில் தகட்டு சென்சாரின் உராயும் தடம் தேய்ந்துபோய், கடைசியில் அமெரிக்காவில் அந்தப் பாகத்துக்கு மட்டும் வாரண்டியை 10 வருஷம், 2,00,000 மைல் என்று நீட்ட வேண்டி வந்தது. ஃபோர்டு அங்கே 2009 முதல் 2013 வரையிலான எஸ்கேப், ஃப்யூஷன் போன்ற கார்களின் த்ராட்டில் பாடிக்கு 10 வருஷம், 1,50,000 மைல் கொடுத்தது, அங்கே பிரச்சினை மோட்டாருக்குள் இருந்த மின் தொடர்பு. இரண்டிலும் தகடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வண்டி லிம்ப் மோடுக்குப் போயிருக்கும்.

மோட்டார் பிரஷ் தேய்ந்ததைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: தகடு அசையாமல் நிற்கும் நேரத்தில், ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மோட்டார் மேல் லேசாகத் தட்டுங்கள். உயிர் வந்துவிட்டால் பிரஷ்தான். அது சிகிச்சை இல்லை, கடை வரை போய்ச்சேர உதவலாம், அதற்குமேல் அந்தக் காரைத் தூரப் பயணத்துக்கு எடுக்காதீர்கள்.

ரிப்பேர் என்பது யூனிட்டைப் பொறுத்தது. சிலவற்றில் சென்சார் மூடி தனியாகக் கிடைக்கும், பல் சக்கரமும் கிடைக்கும், திறமையான கை இருந்தால் செலவு பாதிக்கும் கீழே முடியும். பலவற்றில் மூடியை ஒட்டியோ ரிவெட் அடித்தோ வைத்திருப்பார்கள். பிரித்து மறுபடி ஒட்டினால் ஈரம் நுழையும், ஒரு மழைக்காலத்தில் திரும்ப வரும். மூடி ஸ்க்ரூவில் இருந்தால் ரிப்பேர், ஒட்டியிருந்தால் வேண்டாம் என்பதுதான் என் கணக்கு.

பழசு வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. காரின் இன்றைய மதிப்பே ஒன்றரை லட்சம் என்றால், அதற்குப் பத்தில் ஒரு பங்கை ஒற்றைப் பாகத்தில் போட எல்லோராலும் முடியாது. புதுப்பேட்டையில் வாங்கும்போது பார்ட் நம்பரின் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு யூனிட்டில் சென்சார் வோல்ட்டேஜ் தலைகீழாக இருக்கலாம். ஒரு மல்ட்டிமீட்டர் கொண்டுபோங்கள், மோட்டார் பின்களில் அளந்து பாருங்கள், பிறை வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள், கனெக்டர் பின்னில் பச்சை இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கார்பன் நிறைய இருந்தால் பரவாயில்லை, அது கழுவினால் போகும். பளபளவென்று கழுவி வைத்திருப்பதை விட அழுக்காக இருப்பதையே நான் எடுப்பேன், உள்ளே கரைப்பான் போகவில்லை என்ற நிம்மதியாவது மிஞ்சும். சரிவரவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று கடைக்காரர் வாய்விட்டுச் சொல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

புதுசு என்றால் அதிலும் இரண்டு வகை. கம்பெனி பெட்டியில் வருவதும், அந்தக் கம்பெனிக்கே செய்து கொடுக்கும் டென்ஸோ, பாஷ், கான்டினென்டல் போன்றவர்கள் தங்கள் பெயரில் விற்பதும் ஒரு வகை. உங்கள் காரில் இருக்கும் பழைய யூனிட்டின் மேலேயே அதைச் செய்தவர் பெயர் பெரும்பாலும் இருக்கும், அதே பெயரைத் தேடுங்கள். பெயரில்லாத டூப்ளிகேட் இன்னொரு வகை. த்ராட்டிலில் டூப்ளிகேட்டை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரேக் பேடுக்கு எவ்வளவு யோசிப்போமோ அதே யோசனை இதற்கும் வேண்டும், வண்டியின் வேகமே இதன் கையில் இருக்கிறது. நல்ல பழசா, டூப்ளிகேட் புதுசா என்றால் என் ஓட்டு நல்ல பழசுக்கு. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் இன்னும் நாலைந்து வருஷம் வைத்துக்கொள்ளப் போகிற கார் என்றால் ஒரிஜினல் புதுசு, யோசிக்கவே வேண்டாம்.

இதெல்லாம் முடிவாகும்வரை வண்டியை ஓட்டலாமா? தகடு இடுக்கில் நின்று பிக்கப் மட்டும் இல்லை என்றால், ஊருக்குள் ஓரமாக மெக்கானிக் வரை போகலாம், ஹைவேயில் ஏறாதீர்கள். பி2111 வந்து, காலை எடுத்தும் ஆர்.பி.எம். இறங்கவில்லை என்றால் ஓட்டவே கூடாது, டோ வண்டியைக் கூப்பிடுங்கள். ஓடும்போதே அப்படி ஆகிவிட்டால் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்துங்கள், விட்டு விட்டு மிதித்தால், பிரேக் அழுத்த உதவும் பூஸ்டரில் இருக்கும் வேக்குவம் தீர்ந்துவிடும். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள், இன்ஜின் அலறினால் அலறட்டும். வண்டி நின்றபின் சாவியைத் திருப்புங்கள். ஓட்டத்திலேயே சாவியை லாக் வரை திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஃப்ளோர் மேட் நகர்ந்து பெடலைப் பிடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், டொயோட்டா 2009-இல் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததற்கு முதல் காரணமே மேட்தான்.

கடைசியாக ஈசியூ. மோட்டாரை ஓட்டும் சிப் உள்ளே எரிந்துபோவது உண்டு, ஆனால் அபூர்வம், எனவே வரிசையில் அதற்குக் கடைசி இடம். புது த்ராட்டில் மாட்டியும் பி2101 போகவில்லை என்று ஈசியூவைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பும் முன்பு, த்ராட்டில் கனெக்டரில் இருந்து ஈசியூ கனெக்டர் வரை மோட்டாரின் இரண்டு வயர்களையும் தனித்தனியாக அளந்துவிடுங்கள். அறுந்திருக்கிறதா, பாடியில் உரசி எர்த் ஆகிறதா, இரண்டும் ஒன்றோடொன்று தொடுகிறதா. ஷார்ட் ஆகியிருந்த வயரை அப்படியே விட்டு, சரி செய்து வந்த ஈசியூவை அதே வயரில் மாட்டினால் அதுவும் எரிந்துவிடும்.